குமரி எல்லையிலிருந்து கடலடிக்கு: ஸ்கூபா முக்குளிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளைக்கு இருபுறமும், அதாவது மார்த்தாண்டம், கருங்கல், கொல்லங்கோடு பக்கத்திலும் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் பக்கத்திலும் வாழும் தமிழர்கள், சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலடியில் மூழ்கும் ஸ்கூபா பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. முதல் முறை கடலுக்குள் இறங்க நினைப்பவருக்கும் ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவருக்கும் சேர்த்தே எழுதியிருப்பதால், தமக்குப் பொருந்தாத விடையைத் தாண்டிச் செல்லலாம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இப்பகுதியிலிருந்து கிளம்புவோர் முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும், அடுத்துத் தம் பயிற்சியைப் பார்க்க வேண்டும். இடத்தின் புகழ் மூன்றாவதாகத்தான் வரும்.

எல்லைப் பகுதியில் இருப்பவர் முதல் முறையாக எங்கே இறங்கலாம்?

திருவனந்தபுரம் மாவட்டத்துக் கோவளத்தில் இறங்கலாம். களியக்காவிளையிலிருந்து பாலராமபுரம், விழிஞ்ஞம் வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் நிற்கும் பாறை மேட்டையொட்டியும் அதற்கு வடக்கே உள்ள சிறு வளைவுகளிலும் கரைப்பாறைகள் அப்படியே கடலுக்குள் இறங்கிச் செல்கின்றன. நம் மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகள்தாம் இங்கே முக்குளிப்பு இடங்கள். புதியவர்களைப் பெரும்பாலும் 5 முதல் 12 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். கரைக்கு அருகிலேயே இறங்குவதால், படகில் நெடுந்தூரம் சென்று குமட்டலோடு தண்ணீரில் குதிக்க வேண்டிய தொல்லையும் இல்லை.

முன்பதிவு செய்யும்போது ஊரை உறுதிசெய்துகொள்ளுங்கள். கன்னியாகுமரி நகருக்கு மேற்கே ஒரு கோவளம் இருக்கிறது, சென்னைக்குத் தெற்கே இன்னொரு கோவளம் இருக்கிறது. சென்னைக் கோவளத்திலும் கடல் விளையாட்டுகள் நடப்பதால், இணையத்தில் பணம் கட்டிய பிறகு 700 கிலோமீட்டர் தள்ளிப் பதிவு செய்திருப்பதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு.

எந்த மாதங்களில் போக வேண்டும்?

இந்தக் கரையில் அக்டோபர் பிற்பகுதி முதல் மே தொடக்கம் வரை முக்குளிக்கலாம். அவற்றுள் மார்கழி, தை, மாசி மாதங்களில்தான் தண்ணீர் நன்றாகத் தெளிந்திருக்கும். தெளிந்த நாளில் 10 மீட்டர் தொலைவில் உள்ள பாறை தெரியும். சில நாள் அதற்கு மேலும் தெரியும். கலங்கிய நாளில் 3 மீட்டருக்கு அப்பால் உடன் வந்தவரின் காலே தெரியாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இக்கரையை நேராகத் தாக்குகிறது. அலை மட்டும் தடை என்று எண்ணிவிடக் கூடாது. பூவாற்றில் நெய்யாறும் தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறும் மலைச்சேற்றைக் கடலில் கொண்டுவந்து கொட்டுகின்றன. அதே காலத்தில் ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுந்து வருவதால், அதில் உள்ள சத்தைக் கொண்டு நுண்ணுயிர்கள் பெருகித் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. மீன்வளத்துக்கு இது பெரும் பேறு. முக்குளிப்பவருக்குக் குளிரும் கலங்கலும் மட்டுமே மிச்சம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை நடைமுறையில் இருக்கும். ஏறத்தாழ அந்த நாட்களில் ஸ்கூபா நிலையங்களும் மூடியே கிடக்கும்.

பருவத்துக்குள்ளேயே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் காலம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களில் என்ன செய்தது என்பதை இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, கள்ளக்கடல். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் பேரலைகள் பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளில் கரையைத் தாக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இது மிகுதி. 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தது இத்தகைய அலையில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. எச்சரிக்கை இருக்கும் நாளில், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கரையிலிருந்து பாறைகளுக்கு இடையே இறங்கும் முக்குளிப்பை ஒத்திப்போடுங்கள்.

கோவளத்தில் அப்படி என்ன பார்க்கலாம்?

பவளத் தோட்டங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இது பாறைக் கடல். பாறை இடுக்குகளில் அஞ்சாலை, சிங்கி இறால், பேத்தை, கணவாய் ஆகியவற்றைக் காணலாம். கிளிமீன்களும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் கூட்டமாக மேயும். பொறுமையாகப் பார்த்தால் சிறகை விரித்த சிங்க மீன் தென்படும். அதன் முள்ளில் நஞ்சு இருப்பதால் கையை நீட்டக் கூடாது. சந்தையில் கூறு கட்டி விற்கும் மீன்களையே அவற்றின் இடத்தில், அவற்றின் நிறத்தில் உயிரோடு பார்ப்பதுதான் இங்கே கிடைக்கும் தனி அனுபவம். எந்த மீனுக்கு என்ன பெயர் என்று அறிய விரும்புவோர், விழிஞ்ஞத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நடத்தும் ‘சாகரிகா’ காட்சியகத்தை முதல் நாளே பார்த்துவிட்டு இறங்கலாம்.

நீச்சல் தெரியாது. இறங்க முடியுமா?

அறிமுக முக்குளிப்புக்கு நீச்சல் கட்டாயம் இல்லை. அரை மணி நேரம் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்து, ஆழமற்ற நீரில் மூச்சுவிடப் பழக்கி, பயிற்றுநர் உங்களைப் பிடித்தபடியே கூட்டிச் செல்வார். இதற்கான எல்லை 12 மீட்டர். நீச்சல் தெரியாதவரானால் ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆயினும், குளத்தில் ஒரு மாதம் நீந்திப் பழகிவிட்டுப் போவது நல்லது என்பது என் கருத்து. நம் பக்கத்தில் குளத்துக்கா பஞ்சம்? முகத்தில் தண்ணீர் பட்டாலே பதறுபவர், 8 மீட்டர் ஆழத்தில் மாஸ்க்குக்குள் சிறிது நீர் புகுந்தவுடன் மேலே பாய முயல்வார். விபத்துகள் பெரும்பாலும் அந்தப் பதற்றத்தில்தான் தொடங்குகின்றன.

இன்னொன்று, கடலுக்கடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று பொருள் கொள்ள மாட்டார்கள்; ‘மேலே போக வேண்டும்’ என்றே பொருள் கொள்வார்கள். நலம் என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். புகைப்படம் எடுக்கும்போது பழக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கியவரைப் பயிற்றுநர் மேலே கூட்டிவந்துவிட்டால், அது அவர் பிழையன்று.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூச்சடக்கிச் சிப்பி எடுப்பவர்கள். அவர்களுக்கும் பயிற்சி தேவையா?

அவர்களுக்குத்தான் முதலில் தேவை. குளச்சல் முதல் விழிஞ்ஞம் வரை பாறைகளில் ஒட்டிய சிப்பியை மூச்சடக்கி மூழ்கிப் பறித்து வருவோரின் திறமை சாதாரணமானதன்று. நீரோட்டத்தையும் அலையின் போக்கையும் எந்தப் பயிற்றுநரை விடவும் அவர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் அவர்களுடைய உடலில் ஊறிய முதல் பழக்கமே ஸ்கூபாவில் உயிருக்கு ஆபத்தாகிறது.

கரையில் நிரப்பிய மூச்சோடு இறங்குபவரின் நுரையீரல் ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது. அதனால் கெடுதி இல்லை. சிலிண்டரிலிருந்து மூச்சு வாங்குபவரோ ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றை நிரப்பிக்கொள்கிறார். கடல்மட்டத்தில் ஒரு மடங்காக இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் இரு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய வாங்கிய காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இரத்தத்தில் காற்றுக் குமிழி புகுந்து மூளைக்குச் செல்லும். ஒன்றரை மீட்டர் உயர்வுகூட இதற்குப் போதும் என்பதைச் சிப்பி எடுக்கும் இளைஞர்கள் நம்ப மறுக்கிறார்கள். ‘மூச்சை ஒருபோதும் அடக்காதே’ என்பதை ஸ்கூபாவின் முதல் விதியாக வைத்திருப்பதன் காரணம் இதுதான். ஒரே நாளில் காலையில் ஸ்கூபாவும் மாலையில் மூச்சடக்கிச் சிப்பி எடுப்பதும் கூடாது.

தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்போர் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கி இறங்குகிறார்கள். அழுத்தமானி, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் முக்குளிப்புக் கணினி, முறையான பயிற்சி எதுவும் இல்லாமல் நீண்ட நேரம் ஆழத்தில் இருப்பவர்களுக்கு மூட்டுவலியும் பக்கவாதமும் வருவது இதனால்தான். அந்த முறையை யாரும் ஸ்கூபா என்று சொல்லி உங்களிடம் விற்க இடங்கொடுக்காதீர்கள்.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜனா? எவ்வளவு நேரம் வரும்?

இல்லை, வடிகட்டி அழுத்திய சாதாரணக் காற்றுதான். பரவலாகப் பயன்படும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லிட்டர். 200 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று அதில் அடங்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பவருக்குக் கரையில் அது 110 நிமிடம் வரும். 10 மீட்டரில் பாதியாகி 55 நிமிடம். 30 மீட்டரில் சுமார் 27 நிமிடம். அதிலும் 50 பார் மிச்சம் வைத்தே மேலே வர வேண்டும். பதறுபவர் இரு மடங்கு செலவழிப்பார். ‘ஆழமான இடத்துக்கு அழைத்துப் போங்கள்’ என்று முதல் நாளே கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கன்னியாகுமரி, முட்டம், குளச்சல் இருக்கும்போது கேரளத்துக்கு ஏன் போக வேண்டும்?

பாறைகள் இங்கும் உண்டு, மீனும் உண்டு. ஆனால் திறந்த கடலின் வீச்சு, முனையைச் சுற்றும் நீரோட்டம், இறங்கி ஏற ஒதுக்கமான இடமின்மை ஆகியவற்றால் புதியவருக்கு இக்கரை ஏற்றதன்று. குமரிமுனைக்குத் தெற்கே பரந்து கிடக்கும் வெட்ஜ் பேங்க் வளமான மீன்பிடித் தளம் என்றாலும், அது கரையிலிருந்து தொலைவில், ஆழத்தில், கப்பல் தடங்களுக்கு அருகில் இருக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மன்னார் வளைகுடாவையும் பலர் கேட்கிறார்கள். தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்டு 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா அது. அவற்றுள் இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. வனத்துறையின் அனுமதியின்றித் தீவுகளை நெருங்குவதும் பவளத்திட்டுகளில் முக்குளிப்பதும் குற்றம். யாராவது ‘ஆள் தெரியும், கூட்டிப்போகிறேன்’ என்றால் மறுத்துவிடுங்கள்.

சான்றிதழ்ப் படிப்பை எங்கே முடிப்பது நல்லது?

பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) போன்ற பன்னாட்டு முக்குளிப்புப் பயிற்சி அமைப்புகளின் ‘ஓப்பன் வாட்டர்’ படிப்புக்கு மூன்று அல்லது நான்கு நாட்கள் ஆகும். 10 வயது நிறைந்தவர் சேரலாம். 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கடலில் நான்கு முக்குளிப்புகள் உண்டு. முடித்தவர் 18 மீட்டர் வரை, உடன் முக்குளிக்கும் துணைவருடன் இறங்கலாம். அடுத்த நிலையான ‘அட்வான்ஸ்டு’ 30 மீட்டர் வரை கொண்டுசெல்லும். பொழுதுபோக்கு முக்குளிப்பின் இறுதி எல்லை 40 மீட்டர்.

வீட்டிலிருந்து போய்வரக் கோவளம் வசதி. பயிற்சி எங்கே சிறக்கும் என்று கேட்டால், கலங்கலில் கற்றவர் தெளிந்த நீரில் தடுமாற மாட்டார் என்பதே என் விடை. அந்தமானின் கண்ணாடித் தண்ணீரில் படித்துவிட்டு இங்கே வந்து, துணைவரை இரண்டே நிமிடத்தில் தொலைத்துவிடுபவர்கள் உண்டு. பேசும் மொழியும் ஒரு காரணம்: கோவளத்தில் தமிழிலோ மலையாளத்திலோ சந்தேகம் கேட்கலாம். கட்டணம் சொல்லும்போது உபகரண வாடகை, பாடப்பொருள், சான்றிதழ்க் கட்டணம் மூன்றும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; குறைந்த விலையில் பெரும்பாலும் மூன்றாவது அடங்காது.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. முதல் பயணம் எங்கே?

ரயிலில் போகக்கூடியது கர்நாடகத்தின் நேத்ராணித் தீவு. கொங்கண் பாதையிலேயே முருடேஸ்வர் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி நிற்பதால் ஆற்றுச் சேறு எட்டாது. கோவளத்தைப் பார்த்தவருக்கு நேத்ராணியின் தெளிவு வியப்பூட்டும். தீவின் ஓரத்தில் 8, 10 மீட்டரில் புதியவர்களும், சற்றுத் தள்ளி 20 மீட்டருக்கு மேல் பழகியவர்களும் ஒரே படகில் வந்து இறங்கலாம். கலவையான குழுவாகச் செல்வோருக்கு இது பெரிய வசதி. கடற்படை துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்கு இத்தீவைப் பயன்படுத்தியதால், பழைய குண்டுகள் அங்கே கிடப்பதுண்டு. எதையும் தொடக் கூடாது. பருவம் அக்டோபர் முதல் மே வரை.

புதுச்சேரியில் 18 மீட்டர் ஆழத்தில் செயற்கையாக அமைத்த ‘டெம்பிள் ரீஃப்’ புதிய சான்றிதழ்காரர்களுக்குச் சரியான எல்லை. அதற்கப்பால் உள்ள ‘அரவிந்த்ஸ் வால்’ 24 மீட்டருக்குக் கீழே தொடங்குவதால் அடுத்த நிலையினருக்கே உரியது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பர், டிசம்பரைத் தவிர்த்துவிடுங்கள்.

அந்தமானில் ஹாவ்லாக், அதாவது 2018 டிசம்பரிலிருந்து சுவராஜ் தீவு, புதியவர்களுக்குக் கரையிலிருந்தே நடந்து இறங்கும் ‘நெமோ ரீஃப்’ போன்ற இடங்களை வைத்திருக்கிறது. பணமும் ஒரு வார விடுப்பும் இருந்தால் என் முதல் பரிந்துரை இதுவே.

லட்சத்தீவு கொச்சியிலிருந்து அணுகக்கூடியது: அகத்திக்கு விமானம் உண்டு, மற்றத் தீவுகளுக்குக் கப்பல் உண்டு, இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும். கட்மத், பங்காரம், கவரத்தி ஆகியவற்றில் பவளத்திட்டு சூழ்ந்த உட்கடல் புதியவருக்கும், வெளிப்புறச் சரிவு பழகியவருக்கும் பொருந்தும். தெளிவில் இந்தியாவில் இதை மிஞ்சும் இடம் அரிது. ஆனால் 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் கடல் சூடேறியதால் அங்கே பவளங்கள் வெளுத்தன. பழைய புகைப்படங்களைப் பார்த்து மனத்தில் ஒரு படத்தை வரைந்துகொண்டு போக வேண்டாம்.

ஆனி, ஆடியில்தான் விடுப்பு கிடைக்கிறது. என்ன செய்வது?

இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போங்கள். நம் கரை கொந்தளிக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் திருகோணமலையில் கடல் அமைதியாக இருக்கும். மலைநாடு தென்மேற்குக் காற்றை மறைத்து நிற்பதே காரணம். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேர விமானப் பயணம், பிறகு சாலைவழி. போன இடத்தில் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

புதியவர்களுக்கு நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவின் ஆழமற்ற பவளத்திட்டுகள் உண்டு. சற்றுப் பழகியவர்கள் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரத்தில் இறங்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பழைய கோயிலை இடித்தபோது, அதன் தூண்களும் கற்களும் செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் விழுந்தன. 1956இல் முக்குளிப்பாளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அங்கே முக்குளித்தபோது அந்தச் செதுக்குக் கற்களைக் கண்டார்கள். தேவாரப் பாடல் பெற்ற ஒரு தலத்தின் கற்களைப் பாசியும் கடற்பஞ்சும் மூடிய நிலையில் பார்ப்பதற்கு, தமிழராகப் பிறந்தவருக்கு வேறு எந்தக் கடலும் வாய்ப்புத் தராது. பாறையடியில் அலை மோதித் திரும்புவதால், கடல் சற்றே கலங்கினாலும் அங்கே இறக்க மாட்டார்கள். இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள்.

அனுபவம் உள்ளவர்களுக்கு எந்த இடங்கள்?

அனுபவம் என்பது ஆண்டுக் கணக்கன்று. இறங்கிய எண்ணிக்கை, கடைசியாக இறங்கிய காலம், ஆழத்தில் மிதப்பைக் கட்டுப்படுத்தும் திறன் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக இறங்காதவர், 60 முக்குளிப்புகள் எழுதிய ஏட்டை வைத்திருந்தாலும், முதல் நாள் ஆழமற்ற இடத்தில் பழகிக்கொள்ள வேண்டும்.

அந்தமானில் ‘டிக்சன்ஸ் பினாக்கிள்’, ‘ஜானிஸ் கோர்ஜ்’, ‘ஜாக்சன்ஸ் பார்’ மூன்றும் ஏறத்தாழ 20 முதல் 30 மீட்டருக்கு மேல் செல்பவை. திறந்த நீரில் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும். நீரோட்டம் வலுவாக இருக்கும். கீழே பாரைக் கூட்டங்களும் சீலாக் கூட்டங்களும் திருக்கைகளும் உண்டு. 30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜன் மயக்கம் தொடங்கும். கள் குடித்தவர்போல் மனம் இலேசாகி, அழுத்தமானியைப் பார்த்தும் எண் மனத்தில் பதியாது. சில மீட்டர் மேலே வந்தால் தெளிந்துவிடும்.

மாலத்தீவு திருவனந்தபுரத்திலிருந்து சென்னையைவிட அதிகத் தொலைவில் இல்லை. அங்கே கால்வாய்களில் ஓடும் நீரோட்டத்தோடு மிதந்து செல்வதே சிறப்பு. அதனாலேயே பல படகுகள் 50 முக்குளிப்பு அனுபவம் கேட்கின்றன. சட்டப்படி 30 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனைத்திருக்கைகள் கூடும் ஹனிஃபாரு விரிகுடாவில் ஸ்கூபாவுக்கே தடை. மேற்பரப்பில் மிதந்துதான் பார்க்க வேண்டும்.

மூழ்கிய கப்பல்களை நாடுவோருக்கு மட்டக்களப்பு. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி ‘ஹெர்மிஸ்’ 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அது பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டி இறங்கும் தொழில்நுட்ப முக்குளிப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். அதே நாளில் மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டரில் இருப்பதால், ‘அட்வான்ஸ்டு’ சான்றிதழ் உள்ளவர் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

கேரளக் கடலில் மூழ்கிய சரக்குக் கப்பலைப் போய்ப் பார்க்க முடியுமா?

முடியாது. 2025 மே 25ஆம் தேதி மூழ்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கால்சியம் கார்பைடு உள்ளிட்ட ஆபத்தான சரக்கும் அதில் இருந்தது. அதிலிருந்து சிதறிய வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம், குமரிக் கரைகளில் ஒதுங்கியதை நாம் பார்த்தோம். முக்குளிப்பின்போது அவை கண்ணில் பட்டால் திரட்டிக் கரையில் ஒப்படைக்கலாம், அவ்வளவே.

கோவளத்தில் முக்குளித்துவிட்டு அப்படியே பொன்முடி போகலாமா?

அன்று போக வேண்டாம். இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் பிடிக்கும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழியாகிவிடும். ஒரே ஒருமுறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாட்கள் இறங்கியவர் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வழிகாட்டல். 600 மீட்டருக்கு மேற்பட்ட மலைக்கும் அதே காலத்தைக் கடைப்பிடிப்பது பாதுகாப்பானது.

பொன்முடி ஏறத்தாழ 1,100 மீட்டர். மூணாறு அதைவிட உயரம். மாஞ்சோலையும் இந்தக் கணக்கில்தான் சேரும். காலையில் கோவளம், மாலையில் பொன்முடி என்று சுற்றுலா வண்டிக்காரர்கள் போடும் திட்டத்தைத் தலைகீழாக்கி, மலையை முதல் நாளும் கடலை மறுநாளும் வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் வழியே திருநெல்வேலி திரும்புவோருக்குக் கவலை இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் தாழ்வானது. திருவனந்தபுரம் விமான நிலையம் கோவளத்துக்கு மிக அருகில் இருப்பதால் அன்றிரவே சென்னைக்குப் பறந்துவிடலாம் என்ற ஆசை எழும்; அதற்கும் இதே விடைதான்.

யார் இறங்கக் கூடாது?

கருவுற்றிருப்போர், வலிப்பு நோய் உள்ளோர், கட்டுக்குள் வராத ஆஸ்துமா அல்லது இதயநோய் உள்ளோர், காதில் அறுவை செய்துகொண்டோர் மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி இறங்கக் கூடாது. கருவுற்றோருக்கு ஒப்புதலே கிடையாது. உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிடுவது எளிது, பின்விளைவு உங்களுக்குத்தான். சளி பிடித்திருந்தால் காதின் அழுத்தம் சமனாகாது, அன்றைக்கு விட்டுவிடுங்கள். மூக்குக்கண்ணாடி அணிவோர் மென்மையான காண்டாக்ட் லென்ஸ் அணிந்து இறங்கலாம், அல்லது பார்வைக் குறைக்கேற்ற மாஸ்க் கேட்டு வாங்கலாம்.

நல்ல நிலையத்தை எப்படி அறிவது?

படகிலோ கரையிலோ அவசர ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்றுநரின் அட்டையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். இன்று கடல் சரியில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள். இந்த மூன்றாம் கேள்விக்கு வரும் பதிலே பெரும்பாலும் போதும். பணம் திரும்ப வராது என்று அறிந்தவர், கலங்கிய கடலிலும் இறங்கத்தான் நினைப்பார்.

கடலடியில் கிடைப்பதை நினைவுக்கு எடுத்து வரலாமா?

பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இறந்து உடைந்த பவளத் துண்டானாலும் எடுத்து வருவது குற்றமே.

மேலே வந்த பிறகு உடம்பு சரியில்லை என்றால்?

மூட்டுவலி, தோலில் மரத்துப்போதல், தலைச்சுற்றல், கைகால் தளர்ச்சி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும், களைப்பு என்று சொல்லித் தைலம் தேய்த்துப் படுத்துவிடாதீர்கள். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் வரலாம். உடனே படுக்க வைத்து, தூய ஆக்சிஜன் கொடுத்து, நிலையத்துக்குத் தகவல் சொல்லி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ‘ஸ்கூபா செய்தவர், இத்தனை மீட்டர் ஆழம், இத்தனை நிமிடம், மேலே வந்து இத்தனை மணி நேரம் ஆகிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரண மூட்டுவலிக்குத்தான் ஊசி போடுவார்கள். உடலில் உருவான குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறைச் சிகிச்சை எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதால், அருகில் எங்கே இருக்கிறது, எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்பவற்றை இறங்குவதற்கு முன்பே நிலையத்தாரிடம் கேட்டு, உடன் வந்திருக்கும் வீட்டாரின் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.